கரியம்மன அக்ரஹாரா: வீடியோ வந்த நாளிலிருந்து ஜேசிபி வந்த நாள் வரை

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. மகாதேவபுரா தொகுதியின் அன்றைய எம்.எல்.ஏ. அரவிந்த் லிம்பாவளி ட்விட்டரில் ஒரு வீடியோவைப் பகிர்ந்தார். பெல்லந்தூரை ஒட்டிய கரியம்மன அக்ரஹாராவில் தகரமும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகள் அதில் தெரிந்தன. இவை சட்டவிரோதக் கட்டுமானங்கள், இங்கே இருப்பவர்களில் சிலர் வங்கதேசத்திலிருந்து அனுமதியில்லாமல் வந்தவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு என்பது அவர் எழுதியதன் சாரம். அடுத்த சனி, ஞாயிறில் ஜேசிபி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள் தரைமட்டமாயின.

குடியிருந்தவர்கள் ஆதார், வாக்காளர் அட்டை என்று கையில் இருந்ததையெல்லாம் எடுத்து நீட்டினார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள் சிலர் குடிமக்கள் பதிவேட்டில் தங்கள் பெயர் இருப்பதற்கான தாளையே காட்டினார்கள். திரிபுரா, மேற்கு வங்கம், வட கர்நாடக மாவட்டங்கள் என்று அவர்கள் வந்த இடங்கள் பல. வட கர்நாடகத்தவர்கள் தாங்கள் பிறந்த மாநிலத்தின் தலைநகரிலேயே வெளிநாட்டவர் என்ற பெயரோடு தெருவுக்கு வந்தார்கள்.

செய்தி பார்க்கும் பழக்கத்துக்கும் பிற இடங்களிலிருந்து குடிவந்தவர்கள் மீதான மனப்போக்குக்கும் என்ன தொடர்பு என்பதை ஆராய இந்த ஒரு வாரம் நல்ல களம். பெங்களூருத் தமிழர்களுக்கு இது இரண்டு பக்கமும் கூரான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியை வைத்து வெளியாள் ஆக்கப்பட்டவர்கள் இவர்கள். 2020 ஜனவரியில் டிவிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இன்னொருவரைப் பற்றிய அதே கதையைப் பார்த்தவர்களும் இவர்கள்தான்.

சங்கிலியின் கண்ணிகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எல்லாம் வீடியோவால் தொடங்கியது என்று எழுதினால் ஆய்வு முதல் வரியிலேயே தவறிவிடும். நிலத்தின் உரிமையாளருக்கு மாரத்தஹள்ளி போலீஸ் நோட்டீஸ் கொடுத்தது ஜனவரி 11 அன்று, வீடியோவுக்கு முந்தைய நாள். அதற்கும் முன்னால், 2019 அக்டோபரில், வங்கதேசத்தவர் என்று சுமார் 60 பேரைப் பெங்களூருப் போலீஸ் பிடித்து, பின்னர் ரயிலில் மேற்கு வங்கத்துக்கு அனுப்பியிருந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் விடுபட்டிருந்தது. டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. காய்ந்த சருகு ஏற்கெனவே குவிந்து கிடந்தது. செய்தி அதற்கு ஒரு முகவரியையும் வேகத்தையும் கொடுத்தது.

முகவரி கிடைத்த பிறகு நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். வீடியோ சேனல்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போனது. குடிசைகளுக்கு மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்டன. 18-ஆம் தேதி மாநகராட்சியின் மாரத்தஹள்ளி உதவி நிர்வாகப் பொறியாளர், இடிப்புக்குப் பாதுகாப்புக் கேட்டுப் போலீசுக்குக் கடிதம் எழுதினார். வங்கதேசக் குடியேறிகள் என்ற சொற்கள் அந்தக் கடிதத்திலும் ஏறியிருந்தன. ட்விட்டரில் ‘சந்தேகம்’ என்று இருந்தது ஆறு நாளில் அரசுத் தாளில் காரணமாக மாறிவிட்டது. இடித்து முடித்த பிறகு, நாங்கள் உத்தரவிடவில்லை என்று மாநகராட்சித் தலைமையகம் கைகழுவியது. பொறியாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடர்ந்த வழக்கில் ஜனவரி 22 அன்று தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான உயர் நீதிமன்ற அமர்வு மேற்கொண்டு வெளியேற்றத் தடை விதித்தது. பின்னர், வெளியேற்றிய விதம் மேலோட்டமாகப் பார்த்தாலே சட்டத்துக்கு ஒவ்வாதது என்று கருதி, மறுவாழ்வு பற்றி அரசைக் கேள்வி கேட்டது.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் முந்தைய ஆள் சரிபார்த்திருப்பார் என்று நம்பித் தன் வேலையைச் செய்திருக்கிறார். சேனலுக்கு ஒரு மக்கள் பிரதிநிதியின் பதிவு போதுமானதாக இருந்தது. பொறியாளருக்கு ஊரே பேசுகிறது என்பது போதுமானதாக இருந்தது. ஒருவர் வெளிநாட்டவரா என்று தீர்மானிக்கச் சட்டத்தில் தனி வழி உண்டு. குடிசை இடிக்க நோட்டீஸ், விசாரணை என்று வேறு வழி உண்டு. இரண்டும் இரண்டு வேலை. செய்தி அவற்றை ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டது, நிர்வாகமும் அதே முடிச்சோடு நடந்தது. இந்த நிகழ்வில் மிகப் பெரிய கேடு இதுதான் என்பது எங்கள் முடிவு.

செய்தி மனத்தில் என்ன செய்கிறது

இந்தக் கேள்வியில் அதிகம் உழைத்தவர்கள் ஐரோப்பிய ஆய்வாளர்கள். பூம்கார்டன், ஃபிளீகென்ட்ஹார்ட் என்ற இருவர் நெதர்லாந்தில் 1990 முதல் 2002 வரையிலான செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டார்கள். குடியேற்றம் பற்றி எவ்வளவு எழுதப்பட்டதோ, அதோடு சேர்ந்து குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகளின் ஆதரவும் ஏறியது. வேலையின்மையையும் உண்மையில் வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. ஜெர்மனியில் 1993 முதல் 2005 வரை அவர்களே செய்த இன்னொரு ஆய்வில் அளவோடு தொனியும் முக்கியம் என்று தெரிந்தது. குடியேறியவர்கள் செய்தியில் எத்தனை முறை வந்தார்கள், எந்த விதமாகக் காட்டப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து மக்களின் மனப்போக்கு ஏறியிறங்கியது.

பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழகத்தினர் பார்த்தது வேறு கோணம். அரசு ஒளிபரப்பின் செய்தியைப் பார்ப்பவர்களின் மனப்போக்கு, தனியார் சேனல் பார்ப்பவர்களைவிட இணக்கமாக இருந்தது. இதை அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவர முடியாது. இங்கே இரவு எட்டு மணிக்குத் தூர்தர்ஷன் செய்திக்காகக் காத்திருக்கும் வீடுகள் குறைவு. ஆனால் அந்த ஆய்வு தருகிற அடிப்படைப் பாடம் இங்கும் செல்லும். ‘செய்தி பார்க்கிறவர்’ என்று ஒரே இனமாக யாரும் கிடையாது, எந்தச் செய்தி என்று கேட்டாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் ஷெமர் செய்த ஆய்வு எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. குடியுரிமை பற்றிய வாக்கெடுப்புப் பிரசாரத்தின்போது ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். எதிர்மறைச் செய்தி முன்முடிவுகளைக் கூட்டியது, நல்ல செய்தி குறைத்தது. ஆனால் விஷயம் நன்கு தெரிந்தவர்களிடம் இந்த அசைவு இல்லை. குறைவாகவும் நடுத்தரமாகவும் தெரிந்தவர்களிடம்தான் இருந்தது. ஒரு வெற்றிடம் இருந்தால்தான் செய்தி போய் உட்கார முடியும்.

அமெரிக்காவில் பிரேடர், வாலன்டினோ, சுஹே மூவரும் செய்த பரிசோதனையும் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள உதவும். ஒரே மாதிரியான செய்திக்கட்டுரை, குடியேறியவரின் படமும் பெயரும் மட்டும் மாற்றப்பட்டன. ஐரோப்பியரைவிட லத்தீன் அமெரிக்கர் வந்தபோது, அதுவும் பாதகமான செய்தியாக இருந்தபோது, வெள்ளையர்களின் எதிர்ப்பு கூடியது. அந்தக் கூடுதலை நடத்தியது, இவர்களால் இன்ன நட்டம் என்ற கணக்கு அல்ல. பதற்றம். கரியம்மன அக்ரஹாரா வீடியோவில் ஒரு புள்ளிவிவரமும் இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அடுக்ககங்களின் நிழலில் தார்ப்பாய்க் கூரைகள், இடையில் ‘சந்தேகம்’ என்ற ஒரு சொல். பதற்றத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இன்னொன்று இடம் பற்றியது. எண்ணிக்கை அதிகம் என்பதால் மட்டும் எதிர்ப்பு வருவதில்லை, ஓர் இடத்தின் மக்கள் சேர்க்கை சட்டென்று மாறியிருக்க வேண்டும், அதே நேரத்தில் நாடு முழுக்க அந்தப் பேச்சு ஓங்கியிருக்க வேண்டும், இரண்டும் சேரும்போதுதான் வெடிக்கும் என்று ஹாப்கின்ஸ் அமெரிக்க ஊர்களை வைத்து 2010-இல் எழுதினார். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, வர்த்தூர் பக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏரியும் ராகி வயலுமாக இருந்த கிராமங்கள் ஒரே தலைமுறைக்குள் ஐ.டி. வளாகங்களாகவும் அடுக்ககங்களாகவும் மாறின. அந்த அடுக்ககங்களுக்கு வீட்டுவேலைக்கும் துப்புரவுக்கும் குப்பை பிரிக்கவும் ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தில் வாடகை வீடு கிடைக்காது, ஆகவே மதிலுக்கு அந்தப் பக்கமே தகரக் கொட்டகை. மாற்றம் ஏற்கெனவே இருந்தது. 2019 டிசம்பரில் நாடு தழுவிய பேச்சும் சேர்ந்தது.

தமிழ் வீட்டில் செய்தி வரும் வழிகள்

ஆஸ்டின் டவுனிலோ மர்பி டவுனிலோ ஸ்ரீராம்புரத்திலோ ஒரு தமிழ் வீட்டை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்குத் தினத்தந்தியின் பெங்களூருப் பதிப்பு. கூடத்து டிவியில் சென்னையிலிருந்து வரும் செய்திச் சேனல். உள்ளூர் கலவரம், மழை, மின்வெட்டு என்றால் மட்டும் கன்னடச் சேனல். பிள்ளைகளின் கைப்பேசியில் ஆங்கிலமும் ரீல்ஸும். எல்லார் கையிலும் வாட்ஸ்அப்: குடும்பக் குழு, தெருக் குழு, சாதிச் சங்கக் குழு, தர்மபுரியிலோ வேலூரிலோ உள்ள சொந்த ஊர்க் குழு. ஒரே வீட்டுக்குள் நான்கைந்து செய்தி உலகங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016 சாட்சி. செப்டம்பர் 5 அன்று, தமிழ்நாட்டுக்குக் காவிரி நீரை வினாடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள் திறக்கக் கர்நாடகத்துக்குச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதற்கடுத்த நாட்களில், முகநூல் பதிவுக்காகப் பெங்களூருவில் ஒரு தமிழ் மாணவர் அடிக்கப்படும் வீடியோ சென்னைச் சேனல்களில் சுழன்றது. 12-ஆம் தேதி சென்னையில் கன்னடருக்குச் சொந்தமான ஓட்டல் மீது பெட்ரோல் குண்டு வீச்சு, ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டி ஓட்டுநர் மீது அடி. இந்தக் காட்சிகள் கன்னடச் சேனல்களில் சுழன்றன. ஒரே தெருவில், ஒரே சுவரின் இரு பக்கமும், தமிழ் வீடு தமிழன் அடிபடுவதையும் கன்னட வீடு கன்னடன் அடிபடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டும் உண்மை. இரண்டும் பாதி. அன்று மாலைக்குள் நாயண்டஹள்ளி பக்கம் ஒரு தமிழ்நாட்டு ஆம்னி பஸ் நிறுவனத்தின் டிப்போவில் சுமார் 40 பேருந்துகள் எரிந்தன. 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. ஹெக்கனஹள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. இந்த நிகழ்வை ஆராய்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பத் தவறு ஒன்று உண்டு: ஒரே பத்து வினாடித் துண்டு மணிக்கணக்கில் ஓடும்போது, அது எப்போது எடுத்தது என்ற நேரக் குறிப்பு திரையில் இல்லாவிட்டால், பார்ப்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய அடிதான்.

2020-இல் நிலைமை தலைகீழ். கரியம்மன அக்ரஹாரா சென்னைச் சேனல்களுக்கு வெளியூர்ச் சங்கதி. குடியிருந்தவர்களின் ஆவணங்களைப் பார்த்து, அவர்கள் பேரையும் ஊரையும் கேட்டு எழுதியவை பெரும்பாலும் ஆங்கிலப் பத்திரிகைகளும் ஆங்கில இணையதளங்களும். ஆக, ‘பங்களாதேசி’ என்ற முத்திரை கன்னட டிவி வழியாகவும் தெருக் குழு வழியாகவும் தமிழ் வீட்டுக்குள் வந்தது. மறுப்பும் நீதிமன்ற உத்தரவும் அந்த வீடு பார்க்காத வேறொரு வழியில் போயின. முத்திரையும் மறுப்பும் ஒரே அளவு ஓடினவா என்பதைவிட, ஒரே ஆளை எட்டினவா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெங்களூரு போன்ற பலமொழி நகரில் இதைக் கேட்காத எந்த ஆய்வும் குறைப்பட்டதே.

அடிபட்டவர்களுக்கு அடுத்தவர் வலி தானாகப் புரியும் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அதை நம்பி இருந்துவிட முடியாது. 2013 ஜனவரியில் எஜிபுராவில் மாநகராட்சியின் ஏழைகள் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் தமிழ்த் தலித் குடும்பங்கள் ஏராளம். அன்று அவர்கள் மீது விழுந்த சொல் ‘ஆக்கிரமிப்பாளர்’. ஏழு ஆண்டு கழித்து அதே ஜனவரியில் ‘பங்களாதேசி’ என்ற சொல் வேறு ஏழைகள் மீது விழுந்தது. இரண்டு சொல்லும் ஒரே வேலையைச் செய்தன என்பது, இரண்டு இடத்திலும் ஆளோடு ஆள் பேசியவருக்குத்தான் தெரியும். டிவி அதைச் சொல்லாது.

இதை எப்படி அளப்பது, எங்கே தவறும்

பெங்களூருத் தமிழர் பகுதிகளில் இப்படி ஓர் ஆய்வு செய்ய நினைக்கும் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் இந்தப் பகுதி.

முதல் வேலை செய்தியைச் சேகரிப்பது. நிகழ்வுக்கு முந்தைய ஒரு வாரம், பிந்தைய இரண்டு வாரம் என்று மூன்று வாரத்தை எடுங்கள். முந்தைய வாரம் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? சேனல்கள் தாங்கள் ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு யூடியூபில் சேனலே வைத்திருக்கும் துண்டுகள்தான் மிஞ்சும், சர்ச்சையானவை அங்கிருந்தும் காணாமல் போகும். ஆகவே நிகழ்வு நடக்கும்போதே பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு செய்தியிலும் குறிக்க வேண்டியவை இவை: யார் குரல் வருகிறது (போலீஸ், அரசியல்வாதி, அடுக்ககவாசி, குடிசையில் இருந்தவர்), அது எத்தனை வினாடி, குற்றம், வேலை, இடநெருக்கடி, எண்ணிக்கை இவற்றில் எது தலைப்பு, முத்திரைச் சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது, ‘போலீஸ் சந்தேகிக்கிறது’ என்று வருகிறதா, கீழே ஓடும் எழுத்தில் உண்மையாகவே வருகிறதா, முகம் தெரிகிறதா, கூரை மட்டும் தெரிகிறதா. இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்குச் செய்தியையாவது இருவரும் குறித்து, ஒற்றுமையைக் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவால் பாருங்கள்; தற்செயலைத் தாண்டி இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அது சொல்லும். 0.8-க்கு மேல் என்றால் நம்பலாம், 0.667-க்குக் கீழே என்றால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு வரையறையைத் திருத்துங்கள். ‘தொனி’ என்ற கட்டத்தில்தான் எப்போதும் இடறும். ‘பாதகமானது’ என்று பொதுவாகக் குறிக்காமல், ‘அச்சுறுத்தல் என்று சொல்லும் வாக்கியம் உண்டா, இல்லையா’ என்று உடைத்தால் ஒற்றுமை ஏறும்.

பிறகு மக்களிடம் கேட்பது. இந்தத் துறையில் கிடைக்கும் தொடர்புகள் பெரும்பாலும் சிறியவை, அதனால் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் எண்) 0.2 அளவில் இருந்தால் அதைப் பிடிக்கச் சுமார் 200 பேர் போதும். 0.1 என்றால் சுமார் 780 பேர் வேண்டும். இதுவும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கான கணக்கு. இருபது தெருவில் தெருவுக்கு இருபது பேர் என்று 400 பேரைக் கேட்டால், ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி நினைப்பதால் அந்த 400 அவ்வளவு பெறாது. தெருவுக்குள் ஒற்றுமை 0.05 மட்டுமே என்றாலும் வடிவமைப்பு விளைவு (இப்படிக் கூட்டமாக எடுப்பதால் ஆள் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய மடங்கு) 1.95 ஆகிவிடும், கையில் மிஞ்சுவது 205 பேருக்குச் சமம். ஆளைக் குறைத்தால் ‘தொடர்பில்லை’ என்று எழுத நேரும். அது செய்தியின் குணம் அல்ல, ஆய்வின் குறை. தெருவைக் கூட்டி, தெருவுக்கு எட்டுப் பேர் என்று குறைப்பது நல்லது.

‘தினமும் எவ்வளவு நேரம் செய்தி பார்ப்பீர்கள்?’ என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் பிரையர் 2009-இல் இப்படிப்பட்ட பதில்களைப் பார்வையாளர் அளவீட்டுக் கருவியின் பதிவோடு ஒப்பிட்டபோது, மக்கள் சராசரியாக மூன்று மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ‘நேற்று மாலை டிவி ஓடியதா, எந்தச் சேனல், என்ன செய்தி நினைவிருக்கிறது?’ என்று கேட்டால் பதில் நிலத்தில் நிற்கும். சேனல்களைப் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்புக்குக் குழுக்களின் வகையை மட்டும் கேளுங்கள், கைப்பேசியை வாங்கிப் பார்க்க வேண்டாம். அங்கே அடுத்தவர்களின் செய்தியும் இருக்கிறது, அவர்கள் சம்மதம் தரவில்லை.

மனப்போக்குக் கேள்விகளில் மூன்று அச்சத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும்: வேலை போகும் என்பது, மொழி, பழக்கம் மாறும் என்பது, பாதுகாப்பு கெடும் என்பது. வீட்டுவேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கும், குறைந்த கூலிக்கு அதே வேலைக்கு வரும் வங்காளிப் பெண்ணுக்கும் இடையே உண்மையான போட்டி இருக்கலாம். அதை முன்முடிவு என்று எழுதினால் அநியாயம். ‘பாதுகாப்பு கெடும்’ என்று அதே பெண் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்பது வேறு ஆராய்ச்சி. கேள்வியில் ‘வங்கதேசத்தவர்’ என்றும் ‘வடநாட்டுக்காரர்’ என்றும் கலந்து போடாதீர்கள். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள்.

வரிசையும் பதிலை மாற்றும். அலெசினா, மியானோ, ஸ்டான்ட்சேவா மூவரும் ஆறு நாடுகளில் நடத்திய ஆய்வில், குடியேற்றம் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டாலே, பிறகு வரும் ஏழைகளுக்கான உதவி பற்றிய கேள்விகளுக்கு ஆதரவு குறைந்தது. அதே ஆய்வில் அமெரிக்காவில் சட்டப்படி குடியேறியவர்கள் மக்கள்தொகையில் 10 சதவீதம், மக்கள் ஊகித்தது 36 சதவீதம். சரியான எண்ணைச் சொல்லித் திருத்தியபோது மனம் பெரிதாக மாறவில்லை என்பது, எண்ணைச் சொன்னால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழக்கத்தைக் கேட்கும்போது ‘அவர்களோடு பழகுவீர்களா?’ என்பது வீண் கேள்வி. எல்லாரும் ஆம் என்பார்கள். ‘அவர்களில் யாருடைய பெயராவது தெரியுமா? போன மாதம் யார் வீட்டுக்காவது போனீர்களா?’ என்று கேளுங்கள். அடுக்ககத்தில் தினமும் பார்க்கும் துப்புரவுப் பணியாளரின் பெயர் தெரியாதவர்கள் நிறையப் பேர். பார்ப்பதும் பழகுவதும் ஒன்றல்ல. உளவியலாளர் ஆல்போர்ட் 1954-இலேயே சம நிலையில், பொது நோக்கத்தோடு பழகினால்தான் முன்முடிவு கரையும் என்று சொல்லிவிட்டார். எஜமானும் வேலையாளும் சந்திப்பது அதில் சேராது.

கடைசியாகப் பெரிய பள்ளம். வெறுப்பவர் அந்தச் சேனலைத் தேடிப் போகிறாரா, அந்தச் சேனல் அவரை வெறுக்க வைக்கிறதா? ஒரே முறை கேட்கும் ஆய்வால் இதைப் பிரிக்கவே முடியாது. இரண்டும் சேர்ந்து சுழலாக ஏறும் என்பது ஊடக ஆய்வாளர் ஸ்லேட்டரின் வாதம், எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஒரே ஆட்களை ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். முதல் சுற்றில் 600 பேர் என்றால் வாடகை வீடு மாறுகிற இந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு கைவிட்டுப் போகலாம் என்று திட்டமிடுங்கள். அதுவும் புதிதாக வந்தவர்கள்தான் முதலில் போவார்கள், மிஞ்சுபவர்கள் நெடுநாளாகக் குடியிருப்பவர்களாகவே இருப்பார்கள். இந்தச் சாய்வை அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

மறுபக்கத்திலிருந்து ஒரு சோதனை

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை. வேறு சில பழைய, உள்ளூர்ச் சண்டைகள். பீகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து ஓர் அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்தது. தமிழ்நாட்டு டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவிலேயே மறுத்தார். மறுப்பு வதந்தி ஓடிய அதே வடிவத்தில், அதே கைப்பேசிகளுக்குப் போனது. கரியம்மன அக்ரஹாராவில் இல்லாமல் போனது இதுதான்.

ஆய்வாளருக்கு இதில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஆண்டுதோறும் அந்த வாரம் ரயில்கள் வடக்கே நிரம்பித்தான் போகும். கூட்டத்தைக் காட்டி ‘பயந்து ஓடுகிறார்கள்’ என்ற செய்தி வந்தபோது, முந்தைய ஆண்டின் ஹோலி வாரத்தோடு ஒப்பிட்டவர்கள் குறைவு. 2012 ஆகஸ்டில் பெங்களூருவிலிருந்து வடகிழக்கு மக்கள் மூன்று நாளில் சுமார் 30,000 பேர் குவாஹாட்டிக்குக் கிளம்பியது பண்டிகைக் கூட்டமில்லை, குறுஞ்செய்தி கிளப்பிய பயம். அதனால்தான் ஐந்துக்கு மேல் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப அரசு 15 நாள் தடை போட்டது. இரண்டு கூட்டமும் படத்தில் ஒன்று போலவே இருக்கும்.

இப்போதைய பெங்களூருக்கு வந்தால், 2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டில் ஓட்டலில் குண்டு வெடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குண்டு வைக்கிறார்கள் என்ற பொருளில் மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்த்லாஜே பேசினார், பின்பு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சு எந்தச் சேனலில் எத்தனை வினாடி, மன்னிப்பு எத்தனை வினாடி, இரண்டும் எந்த மொழியில் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு முதுகலை மாணவர் தனியாகவே செய்து முடிக்கக்கூடிய வேலை.

செய்தி தவறென்றால் போகும் வழி

டிவி என்றால் முதல் புகார் அந்தச் சேனலுக்கே. 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததற்கான ஒப்புகை, 15 நாளுக்குள் பதில் வர வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. அது 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் பிரஸ் கவுன்சிலுக்கு இரண்டு மாதத்துக்குள், அதற்கு முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். புகாரில் சேனல் பெயர், தேதி, நேரம், சொன்ன வாக்கியம், அது ஏன் தவறு என்பதற்கான தாள் நான்கும் இருக்க வேண்டும். ‘எங்கள் மனம் புண்பட்டது’ என்று மட்டும் எழுதிய புகார்கள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கால எல்லைகள் கொடுமையானவை. குடிசை இழந்தவருக்கு அந்த வாரம் தலைக்கு மேல் கூரை தேடும் வேலை. பெரும்பாலும் அவருக்குக் கன்னடமும் எழுத வராது, ஆங்கிலமும் வராது. ஆகவே பதிவைச் சேமிப்பது, நேரம் குறிப்பது, வாக்கியத்தை அப்படியே எழுதி வைப்பது ஆகிய மூன்றையும் அக்கம்பக்கத்தார்தான் அந்த முதல் நாட்களில் செய்ய வேண்டும். கன்னடமும் தமிழும் இந்தியும் ஒரே வீட்டில் புழங்கும் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட எளிது. 90 நாளுக்குள் எழுத்தில் கேட்டால் பதிவு சேனலின் கையில் இருக்கும்.